கிளாசின் பாதி விளிம்பு

ரப்பர் ஷீட் வாங்கும் கடைக்கு மேல்மாடியில்
என் பல் ஆஸ்பத்திரி.
கிராம்புத் தைலம் எவ்வளவு தெளித்தாலும்
புகைபோட்ட ஷீட்டின் நாற்றம்தான் ஜெயிக்கும்.
குலசேகரத்தில் அது யார் மூக்கிலும் ஏறுவதில்லை.

ஆனி மழையில் பால்வெட்டு நின்றிருந்த வாரம்
ரசலையன் வந்தார்.
இடது கீழ்த்தாடை, கடைசிக்கு முந்தின பல்.
சொத்தை இல்லை, சீழ் இல்லை,
ஆடுகிறது, அவ்வளவுதான்.
எடுத்தேன். முந்நூறு ரூபாய்.
பதினைந்து நாளில் பக்கத்துப் பல்.
அதையும் எடுத்தேன்.

மூன்றாம் முறை
குழி மூடியிருக்கவில்லை.
உள்ளிருந்து கருஞ்சிவப்பாய் ஒரு சதை எழும்பியிருந்தது,
பஞ்சு பட்டாலே ரத்தம்.
நோவு உண்டா என்றேன்.
"நோவு இல்ல சாரே.
சாயா குடிக்கும்பம்தான் ஒரு எடங்கேறு.
கிளாசுக்க விளிம்பு பாதிதான் இருக்கு,
மத்த பாதிய யாரோ உடைச்சு எடுத்த மாதிரி."
எப்போதிருந்து?
"மொதப் பல்லு எடுக்க வந்தேனே, அதுக்கும் முந்தி.
நீங்க கேக்கல்ல.
நானும் சொல்லல்ல."

கண்ணை மூடச் சொல்லி
கீழுதட்டை ஊசிமுனையால் தொட்டுக்கொண்டே போனேன்.
ஆமா.
ஆமா.
ஆமா.
நடுக்கோட்டைத் தாண்டியதும்
மழைச் சத்தம் மட்டும்.

எக்ஸ்ரேயில்
கண்டக்டர் டிக்கெட்டில் குத்தியதுபோல்
ஓரம் சுத்தமாய் ஒரு வட்டம்.
எலும்பு அங்கே இருந்ததற்கு அடையாளமே இல்லை.

பட்டாணி அளவு வெட்டியெடுத்து
ஃபார்மலின் குப்பியில் போட்டு
நாகர்கோவில் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.
பக்கத்து இருக்கைக்காரர்
மாங்காய் ஊறுகாயா என்று கேட்டார்.

நான்காம் நாள் ராத்திரி நபீசா அழைத்தாள்.
"உங்க தாடைக்காரருக்கு வியாதி தாடையில இல்ல.
இது ஈறோட செல் இல்ல, எலும்போடதும் இல்ல.
மஜ்ஜையில பிறந்தது. ரத்தத்துக்குப் பிள்ளை.
உட்கரு ஒரு ஓரமா ஒதுங்கி உக்காந்திருக்கு,
உள்ளே மணி முள் இல்லாத கடிகாரம்.
ஆயிரம் பூட்டுக்கு ஆயிரம் சாவி செய்யவேண்டிய கூட்டம்,
எனக்கென்னவோ
ஒரே சாவியை வெட்டிக்கிட்டே இருக்குன்னு தோணுது.
சாயம் ஏத்திப் பார்க்காம பேர் எழுதமாட்டேன்,
மெழுகுக்கட்டை திருவனந்தபுரம் போகட்டும்.
அதுவரை மண்டை, முதுகு, இடுப்பு, ரத்தம், மூத்திரம்.
தனியா வந்ததா,
ஆளோட வந்ததான்னு தெரியணும்."
கொஞ்சம் நிறுத்தி,
"பதினெட்டு வருசத்துல ரெண்டு பாத்திருக்கேன்.
ரெண்டும் முதல்ல பல்லாத்தான் வந்துச்சு" என்றாள்.
ஆறுதல் சொன்னாளா, குற்றம் சொன்னாளா,
கேட்கவில்லை.

பன்னிரண்டு நாள்.
பழைய நோயாளிச் சீட்டுகளை எடுத்து
'ஆட்டம், காரணம் தெரியவில்லை' என்று
என் கையெழுத்தில் இருந்தவற்றை எண்ணினேன்.
ஒன்பது.
ஆறு பேருக்கு ஃபோன் கிடைத்தது.
உதடு எப்படி இருக்கிறது என்று
பல் டாக்டர் ராத்திரி எட்டு மணிக்குக் கேட்டால்
என்ன நினைப்பார்கள்.

சாவி ஒன்றேதான்.
நபீசா பெயர் எழுதிவிட்டாள்.
மண்டை சுத்தம். முதுகு சுத்தம்.
இடுப்பில் ஒரு நிழல்,
வட்டமா, குடல் வாயுவா,
இன்னும் பெரிய படம் எடுக்கவேண்டும்.

ரசலையனை உட்காரவைத்துச் சொன்னேன்.
"ரெத்தத்துக்கு தாடையில என்ன வேல சாரே?"
எலும்புக்குள்தான் ரத்தம் ஊறுகிறது,
உங்கள் மரத்தில் பட்டைக்குள் பால் ஊறுவதுபோல
என்று ஆரம்பித்தேன்.
"மரத்த விடுங்க.
எனக்கு என்னன்னு சொல்லுங்க."
சொன்னேன்.
அடங்கும், கதிர் வைத்தால் கேட்கும்,
திரும்பியும் வரலாம்,
அந்த நிழலைப் பொறுத்து.

கொஞ்ச நேரம்
கீழே தராசில் ஷீட் விழும் சத்தம்.
"அப்ப அந்த ரெண்டு பல்லு?
அதுக்கு ஒண்ணும் இல்லியா?"
இல்லை. நல்ல பற்கள்.

மேசையைத் திறந்து அறுநூறு ரூபாயை வைத்தேன்.
ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார்.
"பைசா வேண்டாம்.
பல்லத் தாருங்க."

மஞ்சள் பை.
செவ்வாய்க்கிழமை வண்டி.
எத்தனை செவ்வாய் போய்விட்டது என்று
விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்,
அவர் கையை நீட்டியபடியே இருந்தார்.